கண்ணுக்குத் தெரிகிற மிதவை

சனிக்கிழமை காலை ஏழு மணிக்குத் திறந்த கடையில், ஏழேகாலிலிருந்து அன்புராசா மிதவைகள் தொங்கும் சுவருக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். அஜின்கோர்ட்டில் ஒரு பலசரக்குக் கடைக்கும் பல் வைத்தியரின் அறைக்கும் நடுவே ஒடுங்கிக் கிடக்கும் தூண்டில் சாமான் கடை அது. உருண்டை மிதவை, முட்டை வடிவ மிதவை, பென்சில் போல மெலிந்தது, இறகுக் காம்பு போல இன்னும் மெலிந்தது என்று சுவரில் ஆணிக்கு ஆணி பக்கற்றுகள். அவர் ஒவ்வொன்றாகக் கழற்றி, கையை முழுதாக நீட்டி, வாசல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தார். ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். பிறகு மற்றக் கண்ணை மூடினார். பார்த்ததைத் திரும்ப அதே ஆணியில் கொழுவினார்.

“அண்ணை, நீங்கள் எடுத்து முடிக்கிறதுக்குள்ள அங்க மீனெல்லாம் வயசு போய்ச் செத்துடும்,” என்றான் ஜூலியஸ். மில்லிக்கனில் ஒரு களஞ்சியத்தில் ஃபோர்க்லிஃப்ற் ஓட்டுகிறவன். அன்புராசாவுக்கு நாலு வயது இளையவன். ஏழு வருடங்களாக இருவரும் சனிக்கிழமைகளில் ஸ்ரௌவ்விலுக்கு வடக்கே உள்ள ஒரு சின்ன லேக்குக்கு கிராப்பி மீன் பிடிக்கப் போகிறார்கள்.

அன்புராசா கடைசியில் ஒன்றை எடுத்தார். கடையில் இருந்ததிலேயே பெரியது. மஞ்சள், கிட்டத்தட்ட எலுமிச்சங்காய் அளவு.

“உதென்னண்ணை, எலுமிச்சங்காயோ? உதைக் கட்டினா கிராப்பி வந்து ஒருக்கா வாயை வைக்கும். பாரம் தெரிஞ்ச உடன துப்பிப்போட்டுப் போயிடும். போன கிழமையும் பெரிசு எடுத்தியள், ஒண்டும் பிடிபடேல்ல. சின்னனா, பல்சா மரத்தில செய்தது ஒண்டு எடுங்கோ.”

“எனக்கு உதுதான் வேணும்.”

அந்தக் குரல் ஜூலியசுக்குப் பழக்கமானது. அன்புராசா எடுத்த காரியத்தை இடையில் விடுகிற ஆள் இல்லை. நாற்பத்திரண்டாவது வயதில், தொழிற்சாலை மூடியபிறகு, பள்ளிக்கூட பஸ் ஓட்டப் பழகினவர். மூன்று தரம் றோட் ரெஸ்ற்றில் விழுத்தினார்கள். நாலாம் தரம் உறைபனி கொட்டிய நாளில் போய்ப் பாஸ் பண்ணிக்கொண்டு வந்தார். அதற்குப் பிறகு பதினாலு வருடம், ஒரு கண்ணாடி உடையாமல், ஒரு பிள்ளை விழாமல் ஓட்டிக்கொண்டிருக்கிறார்.

ஜூலியசுக்குத் தெரியாத காரியம் ஒன்று இருந்தது. அது அன்புராசாவுக்கும் முழுதாகத் தெரியாது என்று சொல்லலாம், ஏனென்றால் அவர் அதைத் தெரிந்துகொள்ள விரும்பவில்லை. போன மார்கழியில் ஒரு காலை, பஸ்ஸின் முன்கண்ணாடிக்கு அப்பால் நின்ற விளக்குக் கம்பம் நடுவில் வளைந்து தெரிந்தது. கண்ணாடியில் நெய்க்கை பட்டிருக்கிறது என்று நினைத்துத் துடைத்தார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். மாசியில் பத்திரிகையில் சொற்களின் நடு எழுத்துகள் காணாமல் போகத் தொடங்கின. ஓரங்கள் எல்லாம் துலக்கமாக இருந்தன. இடப்பக்கத்து வீட்டுக் கூரை, வலப்பக்கத்து மரம், பக்கக் கண்ணாடியில் பின்னால் வரும் கார் எல்லாம் அப்படியே தெரிந்தன. எதை நேராகப் பார்த்தாரோ அதன் மேல்தான் ஒரு சாம்பல் நிறப் பொட்டு வந்து உட்கார்ந்தது. பஸ் லைசென்ஸுக்கான அடுத்த மெடிக்கலுக்கு இன்னும் பதினொரு மாதம் இருந்தது. பதினொரு மாதத்துக்குள் எல்லாம் சரிவரும் என்று அவர் முடிவெடுத்துக்கொண்டார்.

தூண்டிலில்தான் அது பிடிபட்டது. பள்ளிக்கூட வீதியில் பழகிய வளைவும் பழகிய மரமும் மிச்சத்தைச் சொல்லிவிடும். தண்ணீரில் அப்படி ஒன்றும் இல்லை. தண்ணீரில் இருப்பது ஒரு மிதவை மட்டும். அதைக் கண்டால் கண்டது, காணாவிட்டால் காணாததுதான்.

அன்று லேக்குக்குள் நீளும் மரத் துறையின் நுனியில் இருவரும் மடக்குக் கதிரைகளைப் போட்டு உட்கார்ந்தார்கள். மே மாத நடுப்பகுதி. ஓரத்து நாணலில் பழைய தண்டுகளுக்கிடையே புதுப் பச்சை எழும்பியிருந்தது. ஜூலியஸ் மெல்லிய செம்மஞ்சள் மிதவையைக் கட்டியிருந்தான். இருவருடையதும் வழுக்கு மிதவைதான். நூல் மிதவையின் நடுத்துளைக்குள்ளால் வழுக்கி ஓடும். நூலில் மேலே கட்டிய சின்ன முடிச்சு மிதவையில் வந்து முட்டும்போது ஓட்டம் நிற்கும். முடிச்சை எங்கே கட்டுகிறோமோ அதுதான் ஆழம். கிராப்பி அடியிலும் கிடக்காது, மேலேயும் வராது, அந்தரத்தில் ஓரிடத்தில் கூட்டமாக நிற்கும் மீன். அந்த ஆழத்துக்கு இரையை இறக்கி அங்கேயே நிறுத்தி வைக்கத்தான் இந்த ஏற்பாடு.

ஜூலியஸ் ஒன்பது பிடித்தான். அன்புராசா ஒன்றுமில்லை. மஞ்சள் மிதவை விழுந்த இடம் அவருக்குத் தெரிந்தது. தண்ணீர் தெறித்தது தெரிந்தது. பிறகு அதை நேராகப் பார்த்தார், அது போய்விட்டது. நாணலைப் பார்த்தபோது ஓரத்தில் மஞ்சளாக ஒன்று ஆடியது. அதன் பக்கம் திரும்பினார், அங்கே வெறும் தண்ணீர்.

“அண்ணை, இழுங்கோ. மிதவை தாண்டுபோட்டுது.”

இழுத்தார். தூண்டில் வெறுமனே வந்தது. இரண்டாம் தரம் ஜூலியஸ் சொன்னபோதும் வெறுமனே வந்தது. மூன்றாம் தரம் ஜூலியஸ் சொல்லவில்லை. வாயைத் திறந்துவிட்டு மூடிக்கொண்டான். அது அன்புராசாவுக்கு ஓரக்கண்ணில் நன்றாகத் தெரிந்தது.

வீட்டுக்கு வந்ததும் அவர் குளியலறைத் தொட்டியில் தண்ணீர் நிரப்பினார். மில்லிக்கனில் அவர்களுடைய வீட்டில் குளியலறை நடையின் கடைசியில் இருக்கிறது. கதவைத் திறந்து வைத்தால், நடையின் மறு நுனியிலிருந்து தொட்டியின் வெள்ளைச் சுவரும் தண்ணீரும் தெரியும். அவர் உயர முக்காலியை நடையின் மறு நுனியில் போட்டார். அந்த வருடம் வாங்கிய மிதவைகள் அனைத்தையும் தண்ணீரில் இட்டார். சிவப்பு வெள்ளை, செம்மஞ்சள், மஞ்சள், இளம்பச்சை. ஐந்தாவதுக்கு அவரே கறுப்பு மை பூசியிருந்தார். வெயில் பளபளக்கும் தண்ணீரில் கறுப்பு எடுபடலாம் என்று ஒரு யோசனை. மடியில் ஒரு கொப்பியை வைத்துக்கொண்டு, எந்த நிறம் எவ்வளவு நேரம் தெரிகிறது என்று எழுதினார். இதற்கு ஒரு வழி இருக்கும். சரியான நிறம், சரியான அளவு எங்கேயோ இருக்கும். அதைக் கண்டுபிடிக்கும்வரை விடுவதில்லை என்று இருந்தார்.

மனைவி யோகமலர் வேலையால் வந்தது அவருக்குக் கேட்கவில்லை. முதியோர் இல்லமொன்றின் சமையலறையில் வேலை செய்கிறவர். இன்னும் வேலைச் சப்பாத்துடன் அவருக்குப் பின்னால் வந்து நின்றார். கணவனைப் பார்த்தார், தொட்டியைப் பார்த்தார், கொப்பியைப் பார்த்தார். கொப்பியில் வரிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடந்தன.

“இஞ்சருங்கோ. அதுக்குள்ள எத்தினை கிடக்குது?”

அன்புராசா திரும்பவில்லை. “அஞ்சு.”

“போட்டது அஞ்சு. இப்ப தெரியிறது எத்தினை?”

அவர் கொஞ்ச நேரம் பார்த்தார். தலையை மெல்ல இடம் வலமாகத் திருப்பிப் பார்த்தார். பொய் சொல்லலாம் என்று வாய் உன்னியது.

“மூண்டு,” என்றார். “சில நேரம் ரண்டு.”

யோகமலர் உள்ளே போய்த் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்தார். ஒவ்வொரு மிதவையாக எடுத்துத் தரை ஓட்டில் வைத்தார். வைக்கும்போது ஒவ்வொன்றும் சின்னதாகச் சத்தம் போட்டது. ஐந்தாவதை வைத்துவிட்டுக் கையைச் சட்டையில் துடைத்தார்.

“எப்ப துவங்கினது?”

“மார்கழியில.”

“அஞ்சு மாசமா என்னட்டைச் சொல்லேல்ல.”

“சொன்னா நீர் கண் டொக்டரிட்டக் கொண்டுபோவீர். அவை போக்குவரத்து மினிஸ்ட்ரிக்கு எழுதோணும், அது சட்டம். அதோட லைசென்ஸ் போயிடும். பிறகு நான் என்ன செய்யிறது? வீட்டில இருந்து ஜன்னலைப் பாக்கிறதோ?”

“திங்கக்கிழமை உங்கட பஸ்ஸில எத்தினை பிள்ளையள் ஏறுதுகள்?” என்று யோகமலர் கேட்டார்.

“நாப்பத்திரண்டு.”

அவ்வளவுதான். யோகமலர் அழவுமில்லை, ஏசவுமில்லை. அந்த எண்ணிக்கை நடையில் அவர்களுக்கிடையே கிடந்தது. அன்புராசா கொப்பியை மூடினார். ஒரு மாதமாகத் தன்னிடமே அவர் சொல்லாமல் வைத்திருந்த காரியம் ஒன்று அப்போது வாயில் வந்துவிட்டது.

“சித்திரையில ஒரு நாள், ஃபின்ச் பக்கத்து ஸ்ரொப். தாய் நிக்கிறா, தெரியுது. தபால் பெட்டி தெரியுது. கதவைத் திறந்து, ஏறினதை எண்ணி, கதவை மூடிப்போட்டன். பிரேக்கால காலை எடுக்கப்போறன். தாய் கையைத் தூக்கினா. அப்பதான் பாத்தன், பஸ்ஸுக்கு முன்னால ஒரு பிள்ளை. சிவப்புத் தொப்பி. புத்தகம் விழுந்து குனிஞ்சு எடுத்துக்கொண்டு நிண்டது. அது நேர முன்னால நிண்டது, மலர். நான் அந்த இடத்தைத்தான் பாத்துக்கொண்டு இருந்தனான்.”

“ஒண்டும் நடக்கேல்லத்தானே?”

“நடக்கேல்ல. தாய் எனக்குக் கை காட்டி, தாங்ஸ் எண்டு சொன்னா. நான் பிள்ளைக்காகப் பாத்துக்கொண்டு நிண்டனான் எண்டு நினைச்சிட்டா.”

யோகமலர் வந்து கையைப் பிடித்தார். அவர் அந்தக் கையை விலக்கிவிட்டு முக்காலியிலிருந்து தானே எழுந்தார். அடுத்த நாள் ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு, பஸ் கொம்பனியின் அவசர இலக்கத்துக்குப் போன் எடுத்தார்.

“நான் கதைக்கட்டோ?” என்று யோகமலர் கேட்டார்.

“இல்லை. நான்தான் கதைக்கோணும்.”

ஆங்கிலத்தில், ஏற்கனவே மனத்துக்குள் அடுக்கி வைத்த வசனங்களை ஒன்றன்பின் ஒன்றாகச் சொன்னார். என் கண் சரியில்லை. நாளைக்கு நான் ஓட்டமாட்டேன். வைத்தியர் ஓட்டலாம் என்று எழுதித் தரும்வரை ஓட்டமாட்டேன். மறுபக்கத்துப் பெண், வேறு ஆளை ஒழுங்கு செய்கிறேன் என்றாள். எத்தனை நாள் என்று கேட்டாள். தெரியாது என்றார். போனை வைத்தபிறகு, அது நிறுத்தப்பட்டதா என்று இரண்டு தரம் தடவிப் பார்த்தார்.

கண் வைத்தியர் ஒரு இளம் பெண், நிரூபா என்று பெயர். அன்புராசாவின் கண்ணுக்குள் எடுத்த படத்தைத் திரையில் பெரிதாக்கிக் காட்டினாள். செம்மஞ்சள் நிற வட்டம், நடுவே மங்கல்.

“அங்கிள், இது சீனி வருத்தத்தால வந்தது. ரண்டு கண்ணிலயும் சென்ரரில தண்ணி கோத்து வீங்கியிருக்கு. நான் உங்களை ஸ்பெஷலிஸ்ற்றிட்ட அனுப்புறன். கண்ணுக்குள்ள ஊசி போடுவினம், மாசத்துக்கு ஒருக்கா. கொஞ்சம் திரும்பி வரலாம். முழுக்க வரும் எண்டு நான் பிராமிஸ் பண்ணேலாது.” பிறகு குரலைத் தாழ்த்தினாள். “இன்னொண்டு, அங்கிள். நான் மினிஸ்ட்ரிக்கு ரிப்போர்ட் பண்ணோணும். ஐ ஹாவ் ரு, வேற வழியில்லை.”

“எழுதுங்கோ பிள்ளை. நான் ஞாயிற்றுக்கிழமையே விட்டிட்டன்.”

அவள் தட்டச்சை நிறுத்திவிட்டு அவர் பக்கம் திரும்பினாள். அவளுடைய முகத்தில் இருந்தது என்னவென்று அவருக்குத் தெரியவில்லை. காதுத் தோடும் வெள்ளை மேலங்கியும்தான் தெரிந்தன.

அந்தக் கோடை நீளமாக இருந்தது. ஜூன், ஜூலை, ஓகஸ்ற் என்று மூன்று ஊசி. ஊசியைப் பற்றிக் கேள்விப்பட்ட எல்லோரும் பயந்தார்கள், அவர் பயப்படவில்லை. பயந்தது வெறும் காலைகளுக்குத்தான். ஐந்து மணிக்கு உடம்பு தானாக எழும்பிவிடும். எழும்பிப் போக ஓரிடமில்லை. முதல் கிழமை யன்னலோரம் உட்கார்ந்தே கழிந்தது. இரண்டாவது கிழமை, காலையில் ஒரு மணித்தியாலம் நடப்பது என்று வைத்துக்கொண்டார். தேத்தண்ணிக்குச் சீனி போடுவதை விட்டார். சோற்றைப் பாதியாகக் குறைத்தார். ஜூலியசைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னார். ஜூலியஸ், “எலுமிச்சங்காய் எண்டு நான் பகிடி விட்டிருக்கக்கூடாது,” என்றான்.

“நீ சொன்னது சரிதானே. மீன் துப்பிச்சுது.”

மூன்றாவது ஊசிக்குப் பிறகு விளக்குக் கம்பம் நிமிர்ந்தது. எழுத்துகள் பெரிதாக இருந்தால் நடுவிலும் தெரிந்தன. சாம்பல் பொட்டு சுருங்கியது, போகவில்லை. பஸ் லைசென்ஸ் திரும்ப வருமா என்று ஸ்பெஷலிஸ்ற்றிடம் கேட்டார். இன்னும் மூன்று ஊசி போடுவோம், பிறகு பார்ப்போம் என்றார் அவர். மார்கழி வரைக்கும் என்று அன்புராசா கணக்குப் போட்டார். சரி, மார்கழி வரைக்கும்.

ஓகஸ்ற் கடைசிச் சனிக்கிழமை ஜூலியசுக்கு வேலை இருந்தது. “நான் கொண்டுபோறன்,” என்றார் யோகமலர். பதினெட்டு வருடமாக லைசென்ஸ் வைத்திருந்தும் ஸ்ரீல்ஸ் வீதிக்கு வடக்கே அந்தக் கோடைவரை அவர் தனியாகக் கார் ஓட்டியதில்லை. அந்தச் சனிக்கிழமைக்கு முந்திய இரண்டு ஞாயிறும், ஒருவரிடமும் சொல்லாமல், மார்க்கம் நகரைத் தாண்டிப் போய்த் திரும்பியிருந்தார் என்று அன்றைக்குத்தான் சொன்னார்.

முதலில் கடையில் நிறுத்தினார்கள். இந்தமுறை அன்புராசா வாசல் வெளிச்சத்துக்கு எதையும் பிடித்துப் பார்க்கவில்லை. பக்கற்றுகளை விரலால் அழுத்தி, உள்ளே இருப்பதன் பருமனையும் பாரத்தையும் தடவிப் பார்த்தார். கடைக்காரரிடம் ஈயக் குண்டுகளைக் கேட்டு வாங்கினார். ஒன்று, இரண்டு, மூன்று என்று உள்ளங்கையில் கூட்டிக் குறைத்தார். கடைசியில் எடுத்தது பல்சாவில் செய்த மிக மெல்லியது, தீக்குச்சியைவிடக் கொஞ்சம் தடிப்பு.

“உது உங்களுக்குத் தெரியுமோ?” என்றார் யோகமலர்.

“தெரியாது. மீனுக்கும் தெரியக்கூடாது, அதுதான் முக்கியம். உமக்குத் தெரியும்தானே?”

“ஓம்.”

“அப்ப காணும்.”

கோடையில் கிராப்பி ஆழத்துக்குப் போய்விடும். துறை நுனியில் அவர் பதினொரு அடிக்கு முடிச்சுக் கட்டினார். கண்ணை மூடிக்கொண்டு கட்டினார். திறந்திருந்தால் பார்க்கச் சொல்லி மனம் இழுத்தது, அது இடைஞ்சலாக இருந்தது. யோகமலர் பக்கத்தில் கையை மடியில் கோத்துக்கொண்டு, உதவி செய்யாமல் இருப்பதற்குப் படாத பாடு பட்டார். முடிச்சின் ஒரு நுனியைப் பல்லால் கடித்து, மறு நுனியை இழுத்து, அவர் அதை இறுக்கினார்.

முதல் வீச்சு விழுந்ததுமே யோகமலர், “படுத்திட்டுது,” என்றார். அவர் வெட்டி இழுத்தார். ஒன்றுமில்லை.

“விழுந்த உடன அப்பிடித்தான் கிடக்கும். நூல் அடிக்கு ஓடி முடியுமட்டும் படுத்திருக்கும். பிறகு நிமிரும். நிமிந்த பிறகு படுத்தாத்தான் சொல்லும்.”

“ஆடினா?”

“ஆடினா பேசாமல் இரும்.”

“மெல்ல ஆடினாலோ, கன ஆடினாலோ?”

“மலர்.”

“நான் என்னண்டு தெரியிறது? நான் இதுக்கு முந்தி வந்தனானோ? ஏழு வருசத்தில ஒரு நாள் வாறீரோ எண்டு கேட்டனீங்களோ?”

அன்புராசா நூலைச் சுற்றி எடுத்தார். ஒரு நாளும் கேட்டதில்லை. தூரத்தில் ஒரு வள்ளத்திலிருந்து யாரோ சிரித்த சத்தம் தண்ணீரின் மேலால் வந்தது.

இரண்டாவது வீச்சில் மிதவை நிமிர்ந்து, பிறகு சாய்ந்தது. யோகமலர் அதைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டார். சொல்ல வந்தபோது மீன் இரையைக் கழற்றிக்கொண்டு போய்விட்டது. மூன்றாவதில் இருவருமே சரியாகச் செய்தார்கள். பாரம் ஏறியது, நூல் நடுங்கியது, துறைக்கு ஒரு முழம் கிட்ட வந்தபோது மெல்லிய உதடு கிழிந்து மீன் விழுந்தது. வெள்ளியில் கறுப்புப் புள்ளி போட்ட பக்கமொன்று திரும்புவதை யோகமலர் மட்டும் கண்டார்.

“எவ்வளவு பெரிசு?”

யோகமலர் இரண்டு கையையும் விரித்தார். பிறகு நினைவு வந்து, கணவனின் கைகளைப் பிடித்து, அந்த அகலத்துக்கு விரித்து வைத்தார்.

“கூட்டிச் சொல்லுறீர்.”

“இல்லை. குறைச்சுத்தான் வைச்சனான்.”

வெயில் ஏறிவிட்டது. மீன் இன்னும் கீழே போயிருக்கும் என்று அன்புராசா முடிச்சை இன்னும் ஒரு அடி மேலே நகர்த்தினார். இரை வாளியில் கைவிட்டு, விரல்களுக்கிடையே ஓடிய சின்ன மீன்களில் ஒன்றைப் பிடித்து, தூண்டிலில் கொழுவினார். யோகமலர் கதிரையைத் துறை நுனிக்கு இழுத்து, முழங்காலில் முழங்கையை ஊன்றி, வெயிலுக்குக் கையை நெற்றியில் வைத்துக்கொண்டார். அன்புராசா வீசினார். எங்கேயோ மெல்லிய சத்தத்துடன் அது விழுந்தது.

“எங்க?”

“நேர. நாணலுக்கு இஞ்சால. படுத்துக் கிடக்குது.”

“கிடக்கட்டும்.”

அவருடைய சுட்டுவிரலின் மேலால் நூல் ஓடிக்கொண்டிருந்தது. தண்ணீரில் மிதவை பக்கவாட்டில் கிடந்து மெல்லத் திரும்பியது. அதன் நடுவால் நூல் கீழே, இன்னும் கீழே இறங்கியது.

“இன்னும் நிமிரேல்ல,” என்றார் யோகமலர், கண்ணை எடுக்காமல்.

“பொறும்,” என்றார் அவர். “இன்னும் ஓடுது.”